திரைக்கு முதுகு காட்டி நின்றவர்

சினிமா தியேட்டரில் பல வருஷம் வேலை பார்த்தும் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காத ஒருவரை எனக்குத் தெரியும். ராசிபுரத்தில் நான் டிக்கெட் கொடுக்கும் தியேட்டரில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்த அக்கா அவர். புதுப்படம் வந்தால் முதல் நாள் காலைக் காட்சிக்குக் கேன்டீனை இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போய்விடுவார். திரைக்குக் கீழே ஓரமாகப் போய், திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார். கொஞ்ச நேரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். படத்தின் வெளிச்சம் பட்டுப் பட்டு மறையும் குழந்தைகளின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏனக்கா கீழ உக்காந்துக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நின்னு பாத்தா பெரியவங்க மூஞ்சிதானுங்க தெரியுது. அவங்க சிரிச்சா நமக்கும் சிரிப்பு வந்துருது. கொழந்தை என்ன பண்ணுதுன்னு பாக்கோணுமுன்னா கீழதான் உக்காரோணும்."

இடைவேளைக்குள் அவருக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். என் கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ரகசியம்போலச் சொல்வார். "மூணு வயசுக்கெல்லாம் ஆவாதுங்க. அஞ்சுக்கு மேல பரவால்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால நாய் ஒண்ணு சாவுது. அப்ப மட்டும் வெளிய கூட்டிட்டு வரச் சொல்லுங்க. முறுக்கு ஏதாச்சும் குடுத்து நான் பாத்துக்கறேன்."

ஊரில் இது மெல்லப் பரவிவிட்டது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் அம்மாக்கள் என்னிடம் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கேன்டீன் பக்கம் ஒரு நடை போய் வருவார்கள். "அக்கா, இது பாப்பாவுக்கு ஆவுங்களா?" என்று கேட்பார்கள். அவர் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். குழந்தையைப் பற்றிக் கேட்பார். ராத்திரி எழுந்திருக்கிறதா, கதவைச் சாத்தினால் அழுகிறதா, யாரையாவது பார்த்து அப்படியே செய்கிற பழக்கம் உண்டா. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத்தான் தலையை ஆட்டுவார், அல்லது கையை விரிப்பார்.

அவர் கணக்கு நமக்குப் பிடிபடாது. பேய்ப் படம் ஒன்று வந்தபோது நான் அவரைக் கேட்காமலே குழந்தைகளோடு வந்தவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "தாராளமா வரச் சொல்லுங்க. அந்தப் பேய் சாணியில வழுக்கி உழுந்ததுமே கொழந்தைங்களுக்குப் பயம் போயிருச்சு. பெரியவங்கதான் கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கறாங்க" என்றார். அடுத்த மாதம் ஒரு சாந்தமான குடும்பப் படம். சண்டை இல்லை, ரத்தம் இல்லை. அதற்கு அவர் கையை விரித்துவிட்டார். படத்தில் அம்மா ஆஸ்பத்திரிக்குள் போவாள், கதவு சாத்திக்கொள்ளும், குழந்தை வெளியே நிற்கும். அரை நிமிஷம்கூட இல்லை. தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, அக்கா சொன்னதைக் கேட்காமல் நாலு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்து நாள் கழித்து அவளே கேன்டீனுக்கு வந்தாள். பையன் அவளைக் குளியலறைக்குக்கூடத் தனியாக விடுவதில்லையாம். கதவைச் சாத்தினால் மூச்சுப் பிடித்துக்கொண்டு நீலமாகிவிடுகிறானாம். "நான் என்னக்கா செய்யட்டும்?" என்று அழுதாள்.

அக்கா அவளைத் திட்டவில்லை. தானே அந்தப் படத்தை எடுத்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் போனபிறகு என்னிடம் சொன்னார்: "பெரியவங்களுக்குப் படம் இங்கியே முடிஞ்சுருது சாமி. கொழந்தைக்கு ஊட்டுக்குப் போயித்தான் ஆரம்பிக்குது."

அவருக்கு ஒரு குழந்தை இறந்துபோயிருக்க வேண்டும், அதனால்தான் இப்படி என்று தியேட்டரில் பேசிக்கொள்வார்கள். படம் ஓட்டும் ஆபரேட்டர் அதற்கு ஒரு கதையே வைத்திருந்தார். ஒருநாள் மனசு கேட்காமல் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் நல்லா இருக்குதுங்க. பெரியவன் ஆத்தூர்ல ரைஸ் மில்லுல இருக்கறான். சின்னவன் போர் போடற ரிக் வண்டியில வடக்க போயிருக்கறான்."

"அப்பறம் எதுக்குக்கா இத்தனை பயம்?"

"நல்லா இருக்கறதுனாலதானுங்க பயம். போயிட்டா அப்பறம் என்ன பயம்?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ கெட்டது கேட்டதுபோல இருந்தது.

என் மகளுக்குக் காது குத்தியபோது அவரையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வீட்டைச் சுற்றி வந்தார். குளியலறையில் பாதி நிரம்பியிருந்த வாளியைக் கவிழ்த்தார். மொட்டைமாடிச் சுவரை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை நடுவே இழுத்துப் போட்டார். ஜன்னல் பக்கம் தொங்கிய திரைச்சீலைக் கயிற்றை, பாப்பாவின் கழுத்து உயரத்தைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, மேலே சுருட்டிக் கட்டினார். சாப்பிட்டுவிட்டு, பாப்பாவின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கிளம்பினார்.

"இனிமே அவங்களைக் கூப்பிடாதீங்க" என்றாள் என் மனைவி. "அவங்க வந்துட்டுப் போனதுல இருந்து நம்ம ஊட்டு சாமானெல்லாம் எம்புள்ளையக் கொல்லக் காத்திருக்கற மாதிரி இருக்குது."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. பிறகு வழக்கம்போல மறந்துவிட்டோம். வாளி மறுபடி நிரம்பியது. நாற்காலி மறுபடி சுவருக்குப் போனது.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குத்தான் அந்தப் படம் வந்தது. எங்கள் வயசுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்த பழைய படம் ஒன்றைப் புதிதாக எடுத்திருந்தார்கள். அப்பா வேலை விஷயமாக ஊர் ஊராகப் போவார். மூன்று பிள்ளைகள் அவருக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டு கூடவே போய்விடுவார்கள். அவ்வளவுதான் கதை. போன ஊரிலெல்லாம் அப்பாவுக்கு வரும் சங்கடம்தான் சிரிப்பு. பழைய படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று மேனேஜர் நம்பிக்கையாக இருந்தார். பல மாதமாகப் பாதி நாற்காலி காலியாகவே படம் ஓட்டிய மனிதர். "இந்த ஒரு படம் நம்மளைத் தூக்கி உட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா காலைக் காட்சிக்குப் போனார். இடைவேளையில் என்னிடம் வரவில்லை. மதியக் காட்சிக்கும் போனார். சாயங்காலமும் போனார். ஒரே படத்துக்கு அவர் மூன்று முறை போனதை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் கவுண்டருக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"என்னக்கா, பயப்படறாங்களா?"

"ஒரு கொழந்தைகூடப் பயப்படலீங்க."

"அப்ப நல்லதுதானே?"

"பயப்பட வேண்டிய எடத்துல சிரிக்கறாங்க சாமி. மூணு ஷோவுலயும் சிரிக்கறாங்க. என்னன்னு நானே திரும்பிப் பாத்தேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பழைய படத்துல அந்தப் பசங்க எங்க ஒளிஞ்சு போவாங்க, ஞாபகம் இருக்குதுங்களா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வேனின் மேல் ஏற்றிய பெரிய மூங்கில் கூடைகளுக்குள்.

"மூங்கில் கூடையில காத்து வரும். மூடியத் தலையில முட்டுனாத் தெறந்துக்கும். இப்ப அதைக் காரு டிக்கியா மாத்திட்டாங்க. மூணு பேரும் டிக்கிக்குள்ள படுத்துட்டு சிப்ஸ் திங்கறாங்க, பாட்டுப் பாடறாங்க. அப்பங்காரன் பாட்டுச் சத்தம் கேட்டுத் தெறக்கறான். தலைகூடக் கலையாம எறங்கி வாராங்க. கொழந்தைங்க எல்லாம் கை தட்டுதுங்க. ஏழு வயசுக்குக் கீழ வேண்டாமுங்க. யாருகிட்டயும் டிக்கெட் குடுக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் ஒருவன் மாடியிலிருந்து குதிக்கிறான் என்றால் எல்லோருமா குதிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"குதிச்சா வலிக்குமுன்னு கொழந்தைக்குத் தெரியும். ஏற்கெனவே உழுந்திருக்கும். இது அதுக்குத் தெரியாதுங்களே."

சனிக்கிழமை காலை வரிசையில் நின்ற அம்மாக்களிடம் அவரே போய்ச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். சிலர் திரும்பிப் போனார்கள். சிலர் அவர் பேச்சை வாட்ஸப்பில் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். மதியத்துக்குள் மேனேஜருக்கு விஷயம் போய்விட்டது. அவர் சத்தம் போடவில்லை. கேன்டீன் முன்னால் வந்து நின்று, "அக்கா, நீங்க இருக்கறதும் இந்தத் தியேட்டருக்குள்ளதான். இன்னொரு வார்த்தை பேசுனீங்கன்னா நாளைக்கு இங்க வேற ஆள் இருப்பாங்க" என்றார். என்னிடம் வந்து, "யார் கேட்டாலும் குடும்பத்தோட பாக்கற படம்னு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள், "கேன்டீன் அக்கா என்ன சொன்னாங்கண்ணா?" அவளிடமும், "ஒண்ணும் இல்லைம்மா, தாராளமா பாக்கலாம்" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். கேன்டீன் பக்கம் பார்த்தேன். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயசு. ஊரில் எல்லாக் குழந்தைகளும் பார்த்துவிட்டன, நான் மட்டும் பார்க்கவில்லை என்று இரண்டு நாளாக அழுகை. தியேட்டர்காரன் மகள் படம் பார்க்காமல் இருப்பதா என்று எனக்கும் இருந்தது.

இடைவேளையில் அக்கா பாப்பா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைக் கவுண்டரிலிருந்து பார்த்தேன்.

"அம்மிணி, அந்தப் பசங்க டிக்கிக்குள்ள போனாங்களே, அப்பறம் எப்புடி வெளிய வந்தாங்க?"

"பாட்டுப் பாடுனாங்க. அவங்கப்பா தெறந்துட்டாரு" என்றாள் பாப்பா, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

படம் விட்டதும் அக்கா என்னிடம் வந்தார். அடுத்த காட்சிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது. "உங்ககிட்ட மட்டும் சொல்றேனுங்க, மேனேஜருகிட்டச் சொல்லிராதீங்க. ஊட்டுக்குப் போனதும் பாப்பாவை ஒரு காருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. டிக்கிய மூடிக் காட்டுங்க. உள்ளுக்குள்ள இருந்து தெறக்காது, கத்துனாலும் வெளிய கேக்காதுன்னு அவ கண்ணால பாக்கோணும்."

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கொடுக்கத் தொடங்கினேன். எங்களிடம் கார் கிடையாது. வீட்டுக்குப் போனபோது அந்தப் பேச்சே நினைவில் இல்லை.

புதன்கிழமை மதியக் காட்சிக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"பாப்பா அங்க வந்தாளா?"

"இங்க எப்படி வருவா?"

"காணோங்க. தெரு பூராப் பாத்துட்டேன். மாடியிலயும் இல்லை."

எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்காவது பக்கத்து வீட்டில் இருப்பாள் என்றேன். அவள் எல்லா வீட்டிலும் பார்த்துவிட்டாளாம். அவள் சொல்லச் சொல்ல நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து அக்கா கேன்டீனை விட்டு வந்துவிட்டார்.

"என்னங்க சாமி?"

"பாப்பாவைக் காணோமாம்."

"கடைசியா எப்பப் பாத்தாங்க?"

மனைவியிடம் கேட்டேன். என் தங்கை மேட்டூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், மாப்பிள்ளை, அங்கே கம்பெனி வேலை. ஏதோ வேலையாக நாமக்கல் வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பாப்பா, "மாமா, நானும் டேம் பாக்க வாரேன்" என்று அடம் பிடித்திருக்கிறாள். மனைவி அதட்டி உள்ளே அனுப்பியிருக்கிறாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

நான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா என் கையைப் பிடித்தார்.

"கார்லயா வந்தாரு?"

"ஆமா."

"டிக்கி தனியா, பின்னால நீட்டிட்டு இருக்கற காருங்களா?"

"ஆமா."

"டிக்கியத் தெறந்தாங்களான்னு கேளுங்க."

கேட்டேன். மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டை ஒன்றை ஏற்றினார்களாம். டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு மாப்பிள்ளை மோர் குடிக்க உள்ளே வந்தாராம். அப்புறம் அவர் போய் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. போனிலிருந்து வந்த அலறலை வரிசையில் நின்றவர்கள்கூடக் கேட்டார்கள்.

மே மாத மதியம். தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்த வண்டிகளின் சீட்டில் கை வைக்க முடியாத வெயில்.

மாப்பிள்ளைக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடி. "வண்டி ஓட்டறப்ப எடுக்கமாட்டாரு, எடுக்கமாட்டாரு" என்று நான் உளறிக்கொண்டிருந்தேன். யாரோ போலீஸுக்குச் சொல்லலாம் என்றார்கள். யாரோ பைக்கில் துரத்தலாம் என்றார்கள். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"யாரு கூப்புட்டா எடுப்பாரு? ஒரு ஆளு இருக்குமல்லோ? யோசிங்க!"

என் தங்கை. அவள் கூப்பிட்டால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தாலும் எடுப்பார். அவளுக்கு அடித்தேன். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அக்கா போனைப் பிடுங்கினார். "அம்மிணி, நான் தியேட்டர்ல இருந்து பேசறேன். எதுவும் கேக்காத. உங்க ஊட்டுக்காரருக்கு உடனே போன் போடு. வண்டிய ஓரங்கட்டி டிக்கியத் தெறக்கச் சொல்லு. கொழந்தை உள்ள இருக்குது. உடனே!"

போனை வைத்தார். அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்தச் சில நிமிஷங்களைப் போல ஒன்றை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. உள்ளே படம் தொடங்கிவிட்டிருந்தது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் குழந்தைகள் சிரிக்கும் சத்தம் வந்தது. அக்கா சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

தங்கை கூப்பிட்டாள். "இருக்கறா. அண்ணா, இருக்கறா. உசுரு இருக்குது."

சேலம் தாண்டி, ஓமலூருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறார். என் தங்கை கூப்பிட்டதும் கிழங்கைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்தாராம். மூட்டைக்குப் பின்னால் பாப்பா சுருண்டு கிடந்திருக்கிறாள். ஈரத்துணிபோல. கண் பாதி திறந்திருந்ததாம், கூப்பிட்டால் திரும்பவில்லையாம். அப்படியே தூக்கிக்கொண்டு ஓமலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தபோது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று தொடங்கிய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

சாயங்காலம் பாப்பா பேசினாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"அப்பா, நான் பாட்டுப் பாடுனேன். நெறையப் பாடுனேன். மாமாவும் உள்ள பாட்டுப் போட்டிருந்தாரு. அதான் தெறக்கலை."

மாப்பிள்ளை வெளியே போய் வராண்டாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் நன்றி சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். சமையல் செய்திருந்தார், சாப்பிடவில்லை. நான் வாயைத் திறக்குமுன்பே கையெடுத்துக் கும்பிட்டார்.

"எனக்குக் கும்பிடு போட்டுராதீங்க சாமி. சனிக்கெழமையில இருந்து நாலு நாள் வாய மூடிட்டு இருந்தேன். கேன்டீன் போயிருமேன்னு. எத்தனையோ பேரு எங்கிட்ட வந்து கேட்டாங்க. சிரிச்சுட்டே டீயக் குடுத்து அனுப்புனேன். அந்தக் கொழந்தைங்க எல்லாம் இப்ப எங்க இருக்குது? எந்தக் காருகிட்ட நிக்குது? எனக்குப் பேருகூடத் தெரியாதுங்களே."

நானும் அதே நாலு நாள் டிக்கெட் கிழித்தவன். இடுப்பில் குழந்தையோடு வந்த அந்தப் பெண்ணின் முகம் கண்முன்னால் வந்தது. அவள் எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று மதியக் காட்சிக்கு அக்கா கேன்டீனைத் திறக்கவில்லை. தியேட்டருக்கு எதிரே ரோட்டோரம், மேனேஜருக்குச் சொந்தமில்லாத இடத்தில் போய் நின்றுகொண்டார். பிள்ளைகளோடு வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திப் பேசினார். என் மகளுக்கு நடந்ததைச் சொன்னார். முந்தின நாட்களில் பார்த்துவிட்டுப் போனவர்கள் யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டு, தெருத்தெருவாகவும் போனார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா இவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் மகனை முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக் கார் டிக்கிக்குள்ளிருந்து காலைப் பிடித்து இழுத்ததாகச் சொன்னாளாம். அதைக் கேட்டுவிட்டு வந்து அக்கா ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தார்.

என் மகளுக்கு நடந்ததை நான் ஒரு காகிதத்தில் எழுதி என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டினேன். மேனேஜர் கிழித்தார். மறுநாள் மறுபடி ஒட்டினேன். அவர் வந்து நின்று வெகுநேரம் படித்தார். அவருக்கும் ஒரு பேத்தி இருந்தாள். அன்று கிழிக்கவில்லை. ஆனால் கேன்டீனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அதில் அவர் மனம் மாறவில்லை, அக்காவும் போய்க் கேட்கவில்லை.

இரண்டாவது வாரத்தோடு படத்தை எடுத்துவிட்டார்கள். அக்கா ஆத்தூரில் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும் முன் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நம்ம ஊர்ல எடுத்துட்டாங்க. இன்னும் எத்தனை ஊர்ல ஓடுதோ. அங்கெல்லாம் யாரு நிப்பா?" அவர் முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. பயம் இன்னும் கூடித்தான் இருந்தது.

ஆத்தூரிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை போன் செய்வார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டார்.

"பாப்பா எங்கீங்க?"

"ஊட்டுல இருக்கறாக்கா."

"நீங்க?"

"தியேட்டர்ல."

"அப்ப ஊட்டுல இருக்கறான்னு எப்புடித் தெரியும்?"

போனை வைத்துவிட்டு நான் வீட்டுக்கு அடிப்பேன். மனைவி சலித்துக்கொள்வாள். ஆனால் பாப்பாவைத் தேடிப் போய் போனைக் கொடுப்பாள்.

அக்கா போன வருஷம் தவறிப்போனதாக அவர் மகன் சொல்லித்தான் தெரியும். தூக்கத்திலேயே போய்விட்டாராம். இப்போது யாரும் என்னைக் கூப்பிட்டு அப்படிக் கேட்பதில்லை. பாப்பாவுக்கு இப்போது பத்து வயசு. மதியக் காட்சி தொடங்கிக் கூட்டம் உள்ளே போனதும், கவுண்டர் முன் ஆளில்லாமல் போகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது நான் வீட்டுக்கு அடிப்பேன். மணி போய்க்கொண்டே இருக்கும். நான்கு, ஐந்து, ஆறு. எட்டாவது மணிக்கு யாரோ எடுக்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம்.

"என்னப்பா?" என்பாள். "இங்கதான் இருக்கறேன்."